வான்தீவும் நம் வகுப்பறையும்



நாஞ்சில் நாட்டில் நின்றுகொண்டு ஆளில்லாத் தீவுகளைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். 1989இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் இராமேசுவரத்தில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை நீள்கிறது. பரப்பு 10,500 சதுர கிலோமீட்டர். அதன் தென்கோடியில் இருப்பவர்கள் நாம்.

இங்குள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான்தீவு அவற்றில் ஒன்று. மனிதர் வாழாத இத்தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகளும் கடற்புல் படுகைகளும் உள்ளன. மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசு அந்தக் கடற்புல்லை மேய்ந்துதான் உயிர் வாழ்கிறது.

1986இல் வான்தீவின் பரப்பு சுமார் 16 ஹெக்டேர். 2014இல் மிஞ்சியது சுமார் 2 ஹெக்டேர். காரணம் என்ன? சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். பாறை இருந்தவரை அலை அதில் மோதி, வேகம் தணிந்து கரைக்கு வந்தது. பாறை போனதும் நேரே வந்து மணலை அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரு தீவுகள் மூழ்கியே போயின. 2015 முதல் வான்தீவைச் சுற்றிக் கான்கிரீட்டாலான செயற்கைத் திட்டுகளைக் கடலில் இறக்கினார்கள். அரிப்பு குறைந்தது, மணல் மீண்டும் சேரத் தொடங்கியது.

இதை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். ஒரு தட்டில் மணலைக் குவித்துத் தண்ணீர் ஊற்றி, அட்டையால் அலை எழுப்புங்கள். பிறகு முன்னால் கற்களை அடுக்கி மீண்டும் செய்யுங்கள். வேறுபாட்டை மாணவர்களே சொல்வார்கள். 16 ஹெக்டேர் 2 ஆனால் எத்தனையில் ஒரு பங்கு என்பது கணக்குப் பாடம்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பவளங்களும் கடல் அட்டையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அதுவரை கடல் அட்டை எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் பல. "அதைப் பிடிப்பது குற்றம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், கடற்கரைப் பிள்ளை தன் அப்பாவைக் குற்றவாளியாகப் பார்க்கும். இல்லையேல் நம் பாடத்தைப் பகையாகப் பார்க்கும். குளச்சல், முட்டம், தூத்தூர்ப் பிள்ளைகளிடம் முதலில் கேளுங்கள்: முன்பு கிடைத்து இப்போது அரிதாகிவிட்ட மீன் எது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரட்டும். அந்தப் பட்டியலிலிருந்து பாடத்தைத் தொடங்கினால், சட்டம் எதற்கென்று அவர்களுக்கே விளங்கும்.