நெய்தலின் சொல்



பெயரும் வழிபாடும் மாறிய பின்னும் ஒரு மக்கள் தாமாகவே இருத்தல் இயலுமா? முத்துக்குளித்துறையின் பரதவர் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக இவ்வினாவுக்கு விடையளித்து வருகின்றனர்.

கொற்கை முத்தையும் பரதவரையும் சங்கப் பாடல்கள் நன்கறியும். 1530களில், முத்துக்குளிப்பு உரிமைக்கான பூசலில் நெருக்குண்ட இம்மக்கள் போர்த்துக்கீசியரின் காவலை நாடிக் கத்தோலிக்கம் தழுவினர். பர்னாந்து, மச்சாது, மோத்தா என்னும் பெயர்கள் வந்தன. பேச்சோ தமிழாகவே நின்றது. இங்கு வந்த அண்ட்ரிக் அடிகளார் இவர்களிடையே வாழ்ந்து தமிழ் கற்று, இவர்கள் பேசிய தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அவர் அச்சேற்றிய நூலின் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. அயலார் கொணர்ந்த இறைவனும் தமிழ்ப் பெயர் தாங்கியே இக்கரையில் இறங்க நேர்ந்தது.

1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். சீர்திருத்தச் சமயத்திற்கு இம்மக்களைத் திருப்ப பால்டேயஸ் பாதிரியார் முயன்றார், முயற்சி பலிக்கவில்லை. முத்தும் சங்கும் வாணிகமும் கும்பினியின் கையில் இருந்தபோதும் மனச்சான்றை அதன் கையில் கொடுக்க இவர்கள் இசையவில்லை. அந்த ஆட்சிக்காலத்திலேயே, 1713இல், பனிமய மாதா ஆலயம் எழுந்தது. 1806இல் அன்னைக்குப் பொன்தேர் ஓடியது. வழிபாடு உரோமையினுடையது, வடம்பிடித்துத் தேரிழுக்கும் மரபு தமிழருடையது. வந்ததைத் தமதாக்கிக்கொண்டு தம்மை இழக்காதிருந்த திறம் இது.

இன்றைய நெருக்கடி வேறு வகையினது. ஆணையிடுவார் எவருமில்லை, ஆயினும் சொற்கள் மறைகின்றன. தூத்துக்குடியின் பெரிய முத்துக்குளிப்பு 1961உடன் முடிந்தது. முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டினைப் 'பார்' என்பர். தோலாயிரம் பார் என்றால் மூத்தோர்க்கு இடம் விளங்கும், இளையோர்க்கு விளங்குமா? வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என நான்கு திசைக் காற்றுக்கும் பெயருண்டு. கடலின் நீரோட்டத்திற்கு 'நீவாடு' என்று பெயர். கரையின் அடையாளங்களைக் கொண்டு கடலில் இடமறிவது கணியம். கருவிகள் வந்தபின் இவ்வறிவு நாவைவிட்டு நழுவுகிறது. பள்ளியிலோ கடற்கரைப் பிள்ளையின் பேச்சு கொச்சையென்று திருத்தப்படுகிறது. அப்பிள்ளை தன் தந்தையின் மொழிக்கு நாணத் தொடங்கும் நாளில், டச்சுக்காரரால் இயலாதது நம்மால் நிறைவேறிவிடும்.

இதில் கவிஞர்களாகிய நமக்கும் பங்குண்டு. நெய்தல் என்றதும் தாழை, புன்னை, அன்றில் என்று ஏட்டிலிருந்து எடுத்து எழுதுகிறோம். அலைவாய்க்கரையில் நிற்பவனின் சொல்லை ஏற்கத் தயங்குகிறோம். ஜோ டி குருஸ் 'ஆழி சூழ் உலகு' (2004), 'கொற்கை' (2009) ஆகிய நாவல்களில் அச்சொற்களைத் தயக்கமின்றிக் கொண்டுவந்தார். 'கொற்கை' 2013ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. கவிதை இன்னும் பின்தங்கியே நிற்கிறது.

அடுத்த பத்தாண்டுக்கு ஒரு பணி வேண்டுகிறேன். நம் வட்டத்தார் கடலோர ஊர்தோறும் சென்று, முதியோரிடம் கடற்சொற்களைக் கேட்டு, சொன்னவர் ஒலித்தவாறே எழுதிவைப்போம். அச்சொற்களைச் செந்தமிழோடு சரியாசனத்தில் அமர்த்திப் பாடுவோம். காத்தவர்கள் அவர்கள், கேட்பதற்கேனும் நாம் காலந்தாழ்த்தலாகாது.