ஏற்காட்டிலிருந்து இறங்கும் வழியில்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி ஏற்காட்டுக்கு ஏறுகிறவர்களைக் கேட்டால், "மனசு லேசாகணும், அதான் வந்தோம்" என்பார்கள். சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிர்காற்று, காப்பித் தோட்டம், ஏரியில் படகு. லேடீஸ் சீட்டில் நின்றால் கீழே சேலம் முழுவதும் தெரியும். அந்தச் சேலத்தில் அரசு அருங்காட்சியகம் ஒன்று இருப்பது எத்தனை பேருக்கு ஞாபகம் வருகிறது?

வரவேண்டும் என்கிறது லண்டனில் நடந்த ஓர் ஆய்வு. வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தார் வேலை நெருக்கடியில் இருந்த 28 அலுவலர்களை மதிய இடைவேளையில் கில்ட்ஹால் ஓவியக்கூடத்துக்கு அனுப்பினார்கள். போகுமுன்னும் வந்தபின்னும் உமிழ்நீர் எடுத்து, மன அழுத்தத்தில் ஏறும் கார்ட்டிசால் சுரப்பை அளந்தார்கள். முப்பத்தைந்து நிமிஷத்தில் அது சராசரியாக 32 சதவீதம் இறங்கியிருந்தது. முடிவு 2006-இல் வெளியானது.

வெறும் 28 பேர்தானே, நாற்காலியை விட்டு எழுந்தாலே பாதி பாரம் குறையாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2025-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி இதை இன்னும் கறாராகச் சோதித்தது. 50 பேரில் பாதிப் பேர் கோர்ட்டோல்ட் கூடத்தில் வான்கோ, மானே போன்றோரின் அசல் ஓவியங்களைப் பார்த்தார்கள். மீதிப் பேர் வேறிடத்தில் நகல்களை. இருபது நிமிஷம்தான். அசலைப் பார்த்தவர்களுக்குக் கார்ட்டிசால் 22 சதவீதம் குறைந்தது, மற்றவர்களுக்கு 8.

நகலுக்கும் சக்தி இல்லாமலில்லை. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் 1913-இல் திருவாலங்காட்டு நடராஜரை வியந்து எழுதியது புகைப்படங்களைப் பார்த்துத்தான். நமக்கோ அந்தச் செப்புத்திருமேனியே சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுற்றிலும் திருவாசி இல்லை. அதனால் வீசிய கையும் தூக்கிய திருவடியும் தனித்துக் கண்ணில் படும். கனடாவின் மாண்ட்ரியலில் 2018-இல் மருத்துவர்களே நுண்கலை அருங்காட்சியகத்துக்குச் சீட்டு எழுதித் தரத் தொடங்கினார்கள். நமக்கு அந்தச் சீட்டுகூட வேண்டாம்.

சேலத்துக் காட்சியகம் எழும்பூர் அளவுக்குப் பெரியதல்ல. அதுவே வசதி, அவசரமில்லாமல் பார்க்கலாம். இந்த வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. வில்லும் வாளுமாக நிற்கும் வீரன், உடம்பில் தைத்த அம்புகள் என்று ஒரே கல்லைப் பத்து நிமிஷம் நிதானமாகப் பார்க்க விஷயமிருக்கிறது. செல்போனில் படமெடுத்துவிட்டு நகர்ந்தால் கையில் மிஞ்சுவது நகல்தான்.

அடுத்தமுறை மலையிறங்கும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, வேறு நாளாகப் பார்த்துப் போங்கள்.