சொல்லை எதிர்த்தோம், குரலுக்காக வருந்தினோம்

(புதுக்கோட்டையில், படிப்பகத் தோழர்கள் நடுவே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

2022ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 13ஆம் நாள், மும்பை மாநகரில், 87 வயது நிரம்பிய மூதாட்டியார் ஒருவர் காலமானார். ஆட்சிக் கட்டிலில் அமர்ந்தவர் அல்லர். வெள்ளித் திரையில் ஒளிர்ந்தவர் அல்லர். நமது கீழராஜ வீதியில் அவர் நடந்து சென்றிருந்தால், எதிரே வந்தோர் இன்னார் என்று அறியாமலே ஒதுங்கி வழிவிட்டுப் போயிருப்பர். ஆனால் அவர் வாய் திறந்து இரண்டே இரண்டு சொற்கள் பேசியிருந்தால்? கடைக்காரர் தராசை நிறுத்தியிருப்பார்! சைக்கிளில் சென்றவர் காலூன்றித் திரும்பிப் பார்த்திருப்பார்! அவர்தாம் சரோஜ் நாராயணஸ்வாமி; தில்லியிலிருந்து முப்பதாண்டுகளுக்கும் மேலாகத் தமிழிலே செய்தி வாசித்தவர்.

மறைவுச் செய்தி பரவியதும் நாடு எவ்வாறு வருந்திற்று என்பதை நீங்களும் கண்டீர்கள். முதலமைச்சர் இரங்கல் விடுத்தார். ஏடுகள் படம் வெளியிட்டன. அந்தப் படத்தைக் கண்டு, "ஓ, இவர்தானா அவர்!" என்று வியந்தோர் பலர். முகம் தெரியாத ஒருவருக்காக முழு நாடும் வருந்துகிறது என்றால், அது எண்ணிப் பார்க்கத் தக்க செய்தி அன்றோ?

பலரும் எழுதிய இரங்கல் உரைகளை நான் படித்தேன். ஒன்றைக் கவனித்தேன். எழுதியவர்களுள் பெரும்பாலோர் எழுதியது அம்மையாரைப் பற்றி அன்று. தத்தம் வீட்டைப் பற்றி! காலை ஏழேகால் மணி; அடுப்பிலே உலை; திண்ணையிலே தாத்தா; பள்ளிக்குப் புறப்படும் பிள்ளை; பரணில் அல்லது மாடத்தில் ஒரு மரப்பெட்டி; அதிலிருந்து ஒரு குரல். தாத்தா போய்விட்டார், திண்ணையும் இடிந்துவிட்டது, பெட்டியும் பழைய இரும்புக்குப் போய்விட்டது. எஞ்சி நின்றது குரல் ஒன்றே. அதுவும் போயிற்று என்றபோதுதான், போனவை அனைத்தும் ஒருசேர நினைவுக்கு வந்தன.

இதுவரை சொன்னதில் எவருக்கும் மாறுபாடு இராது. ஆனால் நம் இளந்தோழர் ஒருவர் என்னிடம் ஒரு வினா விடுத்தார். கூர்மையான வினா. "அண்ணே! அந்த அம்மையார் நாள்தோறும் சொன்ன முதற்சொல் எது? 'ஆகாசவாணி' அல்லவா? அந்தச் சொல்லைத்தானே நம் முன்னோர் எதிர்த்தனர்? எதிர்த்த சொல்லை வீடுதோறும் கொண்டுவந்த குரலுக்கு நாம் ஏன் வருந்த வேண்டும்?" என்றார்.

சிரித்து ஒதுக்கிவிடத் தக்க கேள்வி அன்று இது. ஆகவேதான் இங்கே எடுத்துக் கொண்டேன்.

முதலில் அந்தச் சொல்லின் வரலாறு. 1935இல் மைசூரிலே பேராசிரியர் கோபாலசாமி என்பார் தம் சொந்த முயற்சியில் ஒரு வானொலி நிலையம் அமைத்தார். அதற்கு இட்ட பெயர் ஆகாசவாணி. ஒரு நிலையத்தார் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். அதில் நமக்கு என்ன வழக்கு? ஆனால் 1950களின் பிற்பகுதியில் அந்தப் பெயரை நாடு முழுமைக்கும், எல்லா மொழிக்கும் உரியதென்று தில்லி ஆக்கியபோதுதான் தமிழ்நாடு தலை நிமிர்ந்து கேட்டது: "எங்களிடம் வானொலி என்னும் சொல் இருக்கிறதே, அதை என்ன செய்வது?" என்று. வான், ஒலி, இரண்டும் தமிழ். படிக்காத பாட்டிக்கும் பொருள் விளங்கும். எதிர்ப்பின் விளைவாகச் சென்னையும் திருச்சியும் 'வானொலி நிலையம்' என்றே அறிவித்து வந்தன. தில்லியிலிருந்து வந்த செய்தி அறிக்கை மட்டும் 'ஆகாசவாணி' என்று தொடங்கிற்று. ஆக, நம் வீட்டுப் பெட்டியிலே ஒரே காலையில் இரண்டு பெயர்கள்! திருச்சி சொன்னால் வானொலி; தில்லி சொன்னால் ஆகாசவாணி. இந்திய நாட்டின் மொழிச் சிக்கலை விளக்க இதனினும் நல்ல பாடநூல் வேண்டுமா?

சரி, அம்மையார் செய்த பணி யாது? எழுதிக் கொடுத்ததை ஏற்ற இறக்கத்தோடு படிப்பது மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். அன்று. தில்லிச் செய்தி அறையிலே அறிக்கை ஆங்கிலத்தில் உருவாகும். அது மொழிப் பிரிவுகளுக்கு வரும். அங்கே அமர்ந்திருப்பவர் மொழிபெயர்ப்பாளரும் அவரே, வாசிப்பவரும் அவரே. கடிகார முள் ஓடிக்கொண்டிருக்கும், கடைசி நொடியில் ஒரு தாள் வரும், ஐ.நா. மன்றத்தில் நடந்ததும், அமைச்சரவை மாற்றமும், அணுச் சோதனையும், கிரிக்கெட் ஓட்ட எண்ணிக்கையும் அந்தச் சிறு பொழுதுக்குள் தமிழாகவேண்டும். அச்சுக்கூடத்தில் பிழை நேர்ந்தால் மறுநாள் திருத்தம் போடலாம். வானலையில் விட்ட சொல்லைத் திரும்பப் பிடிப்பார் எவர்? அத்தகைய இடத்திலே அமர்ந்து, தஞ்சைக் குடும்பத்தில் தோன்றி மும்பையிலே பிறந்து வளர்ந்த ஒருவர், லகர ளகர ழகரம் பிசகாமல், மூச்சு வாங்காமல், மிடுக்கோடு வாசித்தார். நம் மேடைகளிலே ஒலிபெருக்கியை விழுங்கி விடுவது போல முழங்கும் தோழர்கள், 'தமிழ் வாழ்க' என்பதைத் 'தமில் வால்க' என்று சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்களே, அவர்களை நினைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்!

இனி, அவர் வாசித்த செய்தியின் பொருள் பற்றி. இங்கே நாம் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. அந்தப் பெட்டி அரசின் பெட்டி. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தபோது அது ஆண்டோர் சொன்னதைச் சொல்லிற்று. சிறையில் இருந்தோரைப் பற்றி வாய் திறக்கவில்லை. 1984 அக்டோபர் 31ஆம் நாள் காலையிலே பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் சுடப்பட்டார். இறந்த செய்தியைப் பிறநாட்டு வானொலி பகலிலேயே கூறிற்று. நம் நாட்டு வானொலியோ மாலை வரை காத்திருந்தது. 1977இல் அமைந்த ஆட்சி, வர்கீஸ் தலைமையில் குழு அமைத்துத் தன்னாட்சி பற்றி ஆராய்ந்தது. சட்டம் வந்தது 1990இல். செயலுக்கு வந்ததோ 1997இல். இருபதாண்டுக் காலம்! ஒரு குழந்தை பிறந்து வாக்குரிமை பெறும் வயதைத் தாண்டிவிடலாம். அலைவரிசை மட்டும் அமைச்சகத்தின் மடியை விட்டு இறங்கவில்லை. இறங்கிய பின்னும் எவ்வளவு தூரம் நடந்தது என்பதை நீங்களே அறிவீர்கள்.

அப்படியானால் மக்கள் நம்பியது எதனை? அரசையா? இல்லை, தோழர்களே! நம் மக்கள் அவ்வளவு பேதையர் அல்லர். செய்தியில் எது உண்மை, எது பூச்சு என்று டீக்கடை வாசலிலேயே பிரித்துப் பார்த்தவர்கள். தில்லியையும் கேட்டார்கள், லண்டன் தமிழோசையையும் கேட்டார்கள், நம் கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம், மணமேல்குடிக் கரையில் இருந்தோர் இலங்கை வானொலியை அண்டை வீட்டுப் பேச்சைப் போலத் தெளிவாகக் கேட்டார்கள். மூன்றையும் ஒத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவர்கள் சரோஜ் அம்மையாருக்குத் தந்தது வேறொரு நம்பிக்கை. "இவர் என்னை மதித்துப் பேசுகிறார், எனக்கு விளங்க வேண்டும் என்று பேசுகிறார், குறித்த நேரத்தில் வந்து நிற்கிறார்" என்னும் நம்பிக்கை. ஆட்சிகள் மாறின, அமைச்சர்கள் மாறினர், அந்த மதிப்பு மாறவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்நாளில் எத்தனை வீடுகளில் பெண் வாய் திறந்தால், "உனக்கென்ன தெரியும்? அடுப்பைப் பார்" என்றார்கள்! அதே வீட்டிலே, அதே ஆண்மகன், "உஷ்! செய்தி வாசிக்கிறார்கள்" என்று கையமர்த்திவிட்டு, நாட்டு நடப்பை ஒரு பெண்ணின் வாயிலிருந்து கேட்டான். அவனையறியாமலே கேட்டான். சமையற்கட்டில் இருந்தவளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நமது புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கல் உடைக்கும் பெண்களும் களை எடுக்கும் பெண்களும் பலகை ஏந்தினர், பின்னர் சைக்கிளும் ஏறினர். உலகம் வியந்து எழுதிற்று. அதற்கு முன்பெல்லாம், எழுத்தறியாத அந்தப் பெண்களுக்குச் செய்தித்தாள் எது? பஞ்சாயத்து அலுவலகத்துக் கூம்பு ஒலிபெருக்கிதான். அதில் ஒலித்த பெண் குரல் ஒன்றும் செய்யாமலா போயிருக்கும்? அளந்து காட்ட என்னிடம் கோல் இல்லை. ஆயினும் நான் நம்புகிறேன்.

வானொலியும் நம் மண்ணும் கொண்ட உறவு மிகப் பழையது. திருச்சி நிலையம் 1939 மே 16ஆம் நாள் தொடங்கிற்று. அப்போது புதுக்கோட்டை தொண்டைமான் மன்னரின் தனி அரசு. 1948 மார்ச்சில்தான் இந்தியாவோடு இணைந்தது. எல்லையில் சாவடி உண்டு, சுங்கம் உண்டு. வானலைக்கு மட்டும் சாவடியும் இல்லை, சுங்கமும் இல்லை! பின்னர் 1960களில் ஆடுதுறை 27 என்னும் நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி எடுத்துரைக்க, தஞ்சைத் தரணி உழவர்கள் அந்நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். ஆய்வுப் பண்ணை இட்ட பெயரை உழவன் மறந்தான். சொன்ன பெட்டியின் பெயரை நினைவிற் கொண்டான். நல்லதைத் தெளிவாகச் சொன்னவரை மக்கள் எவ்வாறு போற்றுவர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

குரலாளர் பலர் மறைந்திருக்கின்றனர். இந்தியா விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்த பூர்ணம் விஸ்வநாதன் 2008இல் மறைந்தார். 'இன்று ஒரு தகவல்' சொன்ன தென்கச்சி கோ. சுவாமிநாதன் 2009இல் மறைந்தார். காலையில் சிரிக்க வைத்தவருக்காக அன்று மாலை அழுதது நாடு. இலங்கை வானொலியில் மின்னல் வேகத்தில் பேசி நம் கடற்கரையையே கட்டி வைத்திருந்த கே.எஸ். ராஜா, 1994இல் கொழும்பிலே கொல்லப்பட்டார். அவருக்காக நம் பக்கத்திலே உரக்க அழவும் அன்றைய சூழல் இடந்தரவில்லை. அதை நினைக்கும்போது, முதுமை எய்தி இயற்கையாய் மறைந்த ஒருவருக்கு ஊரறிய அஞ்சலி செலுத்த முடிகின்ற நிலையே ஒரு பேறு என்று தோன்றுகிறது.

இப்போது இளந்தோழரின் வினாவுக்கு வருகிறேன். அந்த வினாவுக்குக் காலமே ஒரு மறுவினா அனுப்பி வைத்தது. அம்மையார் மறைந்து ஓராண்டுகூட ஆகவில்லை. 2023 மே மாதத்தில் பிரசார் பாரதி ஓர் ஆணை பிறப்பித்தது. இனி 'ஆல் இந்தியா ரேடியோ' என்பது கூடாது, எங்கும் எதிலும் 'ஆகாசவாணி' மட்டுமே என்று. தமிழ்நாடு எதிர்த்தது, நாடாளுமன்ற உறுப்பினர் டி.ஆர். பாலு ஒன்றிய அமைச்சருக்குக் கடிதம் விடுத்தார். அப்போது எதிர்த்தரப்பிலே ஒரு வாதம் எழலாம் என்று நான் எதிர்பார்த்தேன்: "ஆகாசவாணி என்று சொன்ன அம்மையாருக்கு அழுதவர்கள்தாமே நீங்கள்? பழகிய சொல்தானே? இப்போது என்ன கசப்பு?" என்று.

இதற்கு விடை சொல்ல வேண்டுமானால் மேற்படி வினாவுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் விடை ஒன்றே. அந்த ஒரு சொல் நிறுவனம் திணித்தது. அதற்கடுத்து வந்த நிமிடங்கள் அனைத்தும் அம்மையார் உழைத்துத் தந்தது. முதற்சொல்லைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. அடுத்து வந்த தமிழைச் செப்பமாகத் தரும் கடமை அவருக்கு இருந்தது. அதை முப்பதாண்டு செய்தார். நாம் அழுதது அந்த உழைப்புக்கு. கூலிக்காரன் சுமந்து வந்த மூட்டையின் மேலே எவரோ ஒட்டிய சீட்டுக்காகக் கூலிக்காரனைப் பகைப்பவன் அறிவாளி அல்லன்; கூலிக்காரன் நல்லவன் என்பதற்காக அந்தச் சீட்டை நெற்றியில் ஒட்டிக்கொள்பவனும் அறிவாளி அல்லன்!

தில்லியிலிருந்த தமிழ்ச் செய்திப் பிரிவு 2017இல் சென்னைக்கு மாற்றப்பட்டது. தமிழ்ச் செய்தி தமிழ் மண்ணில் உருவாவது நல்லதே. ஆனால் தில்லியில் தமிழுக்கென்று ஒரு மேசையும், அதன்முன் ஒரு மனிதரும் அமர்ந்திருந்த காலம் முடிந்துபோயிற்று என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, தோழர்களே, கூட்டம் முடிந்ததும் கலைந்து போய்விடாதீர்கள். ஆளுக்கோர் அஞ்சலட்டை வாங்குங்கள். அம்மையாரும் அவரோடு பணியாற்றிய செய்தியாளரும் வாசித்த அறிக்கைகளுள் ஒலிப்பதிவாக உள்ளவற்றைப் பொதுமக்கள் கேட்குமாறு திறந்துவிட வேண்டும் என்று நான்கு வரி எழுதுங்கள். பெறுநர் இடத்திலே, 'நிலைய இயக்குநர், வானொலி நிலையம், திருச்சிராப்பள்ளி' என்று தெளிவாகத் தமிழில் எழுதுங்கள். பெயர்ப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி, அஞ்சற்காரருக்கு வழி தெரியும்.