புளிப்பை அளக்கும் கருவி

மஞ்சள் நீரிலே சுண்ணாம்பு சேர்ந்ததும் அது செந்நிறம் கொள்வதை ஆரத்தித் தட்டிற் காணாத தமிழர் இலர். காரம் உண்டென்று மஞ்சள் கூறும். எவ்வளவு உண்டென்று கூறாது. மேனாட்டு இரசாயனிகள் கையாண்ட லிற்மசுத் தாளும் அத்தகையதே. அது அமிலத்தையும் காரத்தையும் பிரித்துக் காட்டும், அளந்து காட்டாது.

அளத்தற்கு வழி வகுத்த ஆண்டு 1909. கோபன்ஹேகன் நகரத்துக் கால்ஸ்பேர்க் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய சோரன்சன் என்பார் பி.எச். என்னும் அளவையை வகுத்தார். அதில் ஏழு என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். எண் ஒன்று குறையுமிடத்து அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும். கரைசலின் அமிலத்திற்கேற்ப மெல்லிய கண்ணாடிக் குமிழ் மின்னழுத்தம் காட்டுவதை ஏபர், கிளமென்சீவிச் ஆகிய இருவரும் அவ்வாண்டிலேயே ஆராய்ந்து வெளியிட்டனர். ஆயினும் கண்ணாடி மின்னை எளிதிற் கடத்தாது. ஆகவே அந்நுண்ணிய மின்னை அளத்தல் அரிதாயிற்று. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க இயலாது இடர்ப்பட்ட நண்பர் ஒருவருக்காக, 1934இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆர்னோல்ட் பெக்மன் இத்தடையை நீக்கினார். வானொலிப் பெட்டியில் ஒலியைப் பெருக்கிய வால்வுகளைப் போன்றவற்றைக் கொண்டே அம்மின்னைப் பெருக்கிக் கருவியொன்று சமைத்தார். அதுவே பி.எச். மானி.

எலுமிச்சைக்காகப் பிறந்த கருவி தேயிலைக்கும் துணையாயிற்று. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் பயிர், பி.எச். 4.5 முதல் 5.5 வரையுள்ள மண்ணே அதற்கு உகந்தது. அற்றன், நுவரெலியா மலைச் சரிவுகளிலோ, மழைநீர் கல்சியத்தையும் மகனீசியத்தையும் கரைத்துச் செல்கிறது. அமோனியம் சல்பேற்று முதலிய உரங்களும் மண்ணை மேலும் புளிக்கச் செய்கின்றன. இம்மாற்றம் கண்ணுக்குப் புலனாவதில்லை. செடி நலிந்த பின்னரே தெரியவரும். கொழுந்து குறைந்தாற் கூடை நிறையாது; கூடை நிறையாவிடிற் கூலியும் குறையும்.

1925இல் நிறுவப்பெற்றுத் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம், மண்ணைச் சோதித்து, கவாத்துக் காலத்தை ஒட்டி டொலமைற்று இடுமாறு கூறுகிறது. அளவு மிஞ்சினாலும் தீங்கே. புளிப்பு மிகக் குறைந்த மண்ணில் தேயிலை செழிப்பதில்லை.

எனவே, மலையிற் பல இடங்களில் எடுத்த மண்ணைக் கலந்து சோதித்தல் வேண்டும். அளக்குமுன், பி.எச். அறிந்த கரைசல்களிலே மானியைச் சரிபார்த்தலும் வேண்டும். சரிபாராத மானி பொய்யுரைக்கும். அப்பொய்யை நம்பி இட்ட டொலமைற்றை மண்ணிலிருந்து மீள எடுத்தல் எவர்க்கும் இயலாது.