பழைய கணினியும் பெரிய வன்தட்டும்



சொந்த ஊரை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மில் பலருடைய இல்லங்களில், கூடத்தின் ஒரு மூலையில் பழைய மேசைக் கணினி ஒன்று இன்றும் இருக்கக் காணலாம். அதைக் கழித்துவிட மனம் வருவதில்லை. ஊர்த் திருவிழாவும் இல்லத்துத் திருமணங்களும் மறைந்த பெரியோர்களின் முகங்களும் அதனுள் அல்லவா இருக்கின்றன!

தில்லியில் வாழும் எங்கள் வீட்டுக் கணினி 2009ஆம் ஆண்டில் வாங்கியது. அதன் வன்தட்டு, அதாவது கடைவீதியில் ஹார்ட் டிஸ்க் என்று கேட்டு வாங்குகிறோமே அது, 160 ஜிகாபைட் கொள்ளளவு உடையது. எங்கள் அன்னையார் தம் இறுதி நாட்களில் கூறிய ஊர்க் கதைகளை ஒலிப்பதிவு செய்து அதில் வைத்திருந்தோம். இங்கேயே பிறந்து வளரும் எங்கள் குழந்தைகளுக்குப் பாட்டியின் குரல் அந்தப் பெட்டியிலிருந்துதான் கிடைக்கிறது.

நாளடைவில் இடம் நிரம்பிவிட்டது. நேரு பிளேஸ் கடைவீதிக்குச் சென்று 3 டெராபைட் வன்தட்டு ஒன்றை வாங்கி வந்தோம். அதைப் பொருத்துவது கடினமன்று. மின் இணைப்பை அறவே நீக்கிவிட்டு, உடலில் நிலைமின்சாரம் தங்காதவாறு பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொண்டு, வன்தட்டைத் தாங்கியில் செருகி, திருகாணிகளை முடுக்கி, சாட்டா கேபிளையும் மின்சார கேபிளையும் இணைத்தோம். கணினியை இயக்கினோம். திரையில் தோன்றிய கொள்ளளவோ 746 ஜிகாபைட்!

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே முதலில் எண்ணினோம். ஆராய்ந்து பார்த்தபோதுதான் அவர்மீது குற்றமில்லை என்பது புலனாயிற்று. குறை, பழைய கணினியின் எண்ணும் திறனில் இருந்தது.

வன்தட்டு, 512 பைட் கொண்ட சிறு அறைகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் இடப்பட்டிருக்கிறது. அந்த எண்களைக் குறிக்கும் பழைய முறைக்கு எம்.பி.ஆர். என்று பெயர். 10 மெகாபைட் வன்தட்டே பெரிதாக மதிக்கப்பட்ட 1983ஆம் ஆண்டில் அது வழக்கத்துக்கு வந்தது. அறை எண்ணை எழுத அதில் 32 இரும இலக்கங்களே உண்டு. ஆகவே சுமார் 429 கோடி அறைகளை மட்டுமே எண்ண முடியும். அதாவது, ஏறத்தாழ 2.2 டெராபைட்.

வீட்டு மின்சார மீட்டரை நினைத்துப் பாருங்கள். நான்கு இலக்க மீட்டர் 9999 வரை சென்றபின் மீண்டும் 0000 என்று தொடங்கும். 10,200 யூனிட் ஓடியிருந்தாலும் 200 என்றே காட்டும். அவ்வாறே எங்கள் கணினியும் 2.2 டெராபைட் வரை எண்ணி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி, எஞ்சியதை மட்டும் காட்டியது. அந்த எஞ்சிய அளவுதான் 746.

இதில் வெறும் இட நட்டம் மட்டுமன்று, பேராபத்தும் இருக்கிறது. புதிய கணினியில் முறையாக நிரப்பிய பெரிய வன்தட்டைப் பழைய இணைப்புப் பெட்டி வழியாக இணைத்தால், அது வெறுமையானது என்று கருதி, ‘ஃபார்மட் செய்யலாமா?’ என்று கணினி வினவக்கூடும். அறியாமல் ஆம் என்று அழுத்திவிட்டால், உள்ளே இருக்கும் படங்களுக்கும் குரல்களுக்கும் கேடு நேரும். பார்க்க இயலாத இயந்திரம், ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுகிறது. அதனை நம்பிவிடலாகாது.

ஆகவே வன்தட்டு வாங்குமுன் நம் கணினியை அறிந்துகொள்ள வேண்டும். 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி இயங்கும் கணினியாயின் 2 டெராபைட்டோடு நிறுத்திக்கொள்வதே நன்று. விண்டோஸ் விஸ்டாவும் அதன் பின் வந்தவையும் லினக்ஸும் ஜி.பி.டி. என்னும் புதிய எண் முறையை அறிந்தவை. எனினும் அத்தகைய பெரிய தட்டிலிருந்தே விண்டோஸ் தொடங்க வேண்டுமானால், மதர்போர்டில் யூ.ஈ.எஃப்.ஐ. என்னும் வசதி இருத்தல் வேண்டும். அஃது இல்லாவிடில், கணினி பழைய தட்டிலிருந்தே தொடங்கட்டும். பெரிய தட்டு சேமிப்புக்கு மட்டும் பயன்படட்டும். நாங்களும் லினக்ஸை நிறுவி அவ்வாறே செய்தோம். கணினி முழுக் கொள்ளளவையும் கண்டுகொண்டது.

பிற்காலத்து விண்டோஸில் 3 டெராபைட் தட்டு 2794 ஜிகாபைட் என்று தோன்றும். அதைக் கண்டு ஐயுற வேண்டா. செய்வோர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றனர், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. வேறுபாடு அவ்வளவே.

இறுதியாக ஒன்று. புதிய தட்டைத் தயார் செய்யும்போது, தேர்ந்தெடுத்தது புதியதுதானா என்று இருமுறை பாருங்கள். அனைத்தையும் படியெடுத்தபின் சிலவற்றையேனும் திறந்து பாருங்கள், கேளுங்கள். அதன் பின்னரும் பழைய தட்டை அழித்துவிடாதீர்கள். என்றேனும் ஒரு நாள் பழுதாகாத வன்தட்டு உலகில் இல்லை. ஒரே இடத்தில் இருப்பதைப் பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

புதிய தட்டிலிருந்து அன்னையாரின் குரல் ஒலித்த பின்னரும், பழைய தட்டைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறோம். அது அங்கேயே இருக்கட்டும்.