பூசுறது அஞ்சு நிமிஷம், துடைக்கிறதுதான் வேலை

டோல்கேட், காலடிப்பேட்டை, ராயபுரம்னு வடசென்னைக் கடலோரத்துல இருந்து கேக்குறவங்க எல்லாருக்கும் ஒரே கேள்விதான். எலெக்ட்ரிக் கிட்டாரோட பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்துட்டு, வெறும் மரத்துல எண்ணெய் பூசியிருக்காங்க. ஒரு மாசம் ஆகியும் பிசுபிசுன்னு கையில ஒட்டுது. உடனே பழியைக் கடல் காத்து மேல போடுறாங்க. ஈரக் காத்து காயுறதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், மறுக்கல. ஆனா மாசக்கணக்குல ஒட்டுதுன்னா காரணம் பெரும்பாலும் ரெண்டுதான். ஒண்ணு, காயவே காயாத எண்ணெயைப் பூசியிருக்கீங்க. இல்லன்னா, பூசின எண்ணெயைத் துடைச்சு எடுக்கல. ரெண்டாவதைத்தான் எத்தனை தடவை சொன்னாலும் யாரும் காதுல போட்டுக்கிறதில்ல.

முதல்ல எண்ணெய் எப்படிக் காயுதுன்னு பாருங்க. ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிப் போறதில்ல. காத்துல இருக்கிற ஆக்ஸிஜனை இழுத்துக்கிட்டு, அதோட மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு பின்னி, மரத்துக்குள்ளேயே கெட்டியாயிடுது. இந்தக் குணம் எல்லா எண்ணெய்க்கும் கிடையாது. அயோடின் எண்ணுன்னு ஒரு கணக்கு இருக்கு. அது எவ்வளவு அதிகமோ, எண்ணெய் அவ்வளவு நல்லாக் காயும். ஆளிவிதை எண்ணெய்க்கு அது சுமார் 170-க்கு மேல. நல்லெண்ணெய் 100, 110 பக்கம் நிக்கும். தேங்காய் எண்ணெய்க்கு 10-தான். அதனால "வீட்டுல இருக்கிற தேங்காய் எண்ணெயைப் பூசலாமா"ன்னு கேட்டா, வேணாம். அது என்னைக்கும் கெட்டியாகாது, தூசிதான் பிடிக்கும், நாளாக நாளாகக் காரல் வாடை அடிக்கும். நம்ம நாட்டுக் கரையோரத்துல மரப்படகுக்கு மத்தி எண்ணெய் பூசுறது பழைய வழக்கம். அந்த மீன் எண்ணெய் காயுற ஜாதி. கைக்குக் கிடைச்ச சமையல் எண்ணெயை எடுத்துப் பூசல.

பெயிண்ட் கடையில "டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்"னு கேளுங்க. அதுல கோபால்ட், மாங்கனீஸ் மாதிரி உலோக உப்புகளைச் சேர்த்திருப்பாங்க. அதனால ஒண்ணு ரெண்டு நாள்ல காயும். பச்சை ஆளிவிதை எண்ணெய்னா வாரக்கணக்குல இழுக்கும். டங் ஆயில் கிடைச்சா இன்னும் நல்லது, ஆனா விலை கடிக்கும். எண்ணெய் பூசுறதெல்லாம் கத்துக்குட்டி வேலைன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல மியூசிக் மேன் கம்பெனி தன் கிட்டார் பலதோட நெக்குக்குத் துப்பாக்கிக் கட்டைக்குப் போடுற எண்ணெயும் மெழுகும்தான் போடுது.

இப்போ வேலைக்கு வருவோம். பிக்கப், பாட், ஜாக் எல்லாத்தையும் கழட்டி ஓரமா வைங்க. கடலுக்குப் பக்கத்துல இருக்கிற வீட்டுல மரத்து மேல உப்பு படிஞ்சிருக்கும். காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானாவே தண்ணியை இழுக்கும், அது எண்ணெய்க்கு அடியில மாட்டக் கூடாது. அதனால ஈரத்துணியைப் பிழிஞ்சு ஒரு தடவை துடைச்சு, நல்லாக் காய விடுங்க. அப்புறம் உப்புத்தாள் 120, 180, 240, கடைசியா 320, மரத்தோட ரேகை போற போக்குலயே தேய்க்கணும். தேக்கா இருந்தா தின்னர்ல ஒரு தடவை துடைங்க, அதுக்குள்ள இருக்கிற சொந்த எண்ணெய் நம்ம எண்ணெயைக் காய விடாது. ரெண்டு ஸ்பூன் எண்ணெயைப் பனியன் வேஸ்ட்ல ஊத்தித் தேய்ங்க. பதினஞ்சு நிமிஷம் மரம் குடிக்கட்டும். அப்புறம் புதுத் துணி எடுத்து, மேல மிச்சம் இருக்கிற அத்தனையையும் துடைச்சு எடுங்க. கட்டை விரலை வெச்சு இழுத்தா விரல்ல மினுமினுப்பு வரக் கூடாது. ஒரு மணி நேரம் கழிச்சுத் திரும்ப வந்து பாருங்க. ஆஷ், தேக்கு மாதிரி மரத்துல துளைக்குள்ள போன எண்ணெய் பொட்டுப் பொட்டாக் கசிஞ்சு மேல நிக்கும். அதையும் துடைங்க. மறுநாள் அடுத்த பூச்சு, மறுபடி துடைப்பு. மூணு நாலு தடவை போதும். தடிமனா விட்டா மேல மட்டும் ஆடை கட்டும், உள்ள ஆக்ஸிஜன் போகாது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில கன்டெய்னர் லாரி கிளப்புற தூசியெல்லாம் அதுல வந்து உக்காந்துக்கும்.

"கடலோர ஈரத்தை எண்ணெய் தடுக்குமா"ன்னு கேக்குறீங்க. பெருசாத் தடுக்காது. அமெரிக்க அரசோட மரப்பொருள் ஆய்வுக்கூடம் சோதிச்சதுல, ஈரத்தைத் தடுக்கிறதுல ஆளிவிதை எண்ணெய் கடைசி வரிசையிலதான் வந்துச்சு. ஆனா எலெக்ட்ரிக் கிட்டார் பாடி நாலு சென்டிமீட்டருக்கு மேல தடிமனான முழுக்கட்டை. கொஞ்சம் ஈரம் ஏறி இறங்கினா ஒண்ணும் ஆகாது. நெக் அப்படியில்ல, அது வளையும், அதுக்குள்ள இருக்கிற டிரஸ் ராடைத் திருப்பி நேராக்க வேண்டி வரும். நெக்ல ஃபேக்டரி பூச்சு நல்லா இருந்தா அதைத் தொடாதீங்க.

"அப்போ ஆசாரி கிட்ட கொடுத்து லாக்கர் அடிச்சா என்ன"ன்னு அடுத்த கேள்வி. பராமரிப்பே வேணாம்னா தாராளமா அடிங்க. ஆனா ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்துல என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடிச்சா வெள்ளையாப் பூக்கும். அதுக்கு ஸ்பிரே கன், கம்ப்ரஸர், தூசியில்லாத இடம் எல்லாம் வேணும். எண்ணெய்க்கு ஒரு துணி போதும். கீறல் விழுந்தாலும் அந்த இடத்தை மட்டும் தேய்ச்சுப் பூசிக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை, மாசி பங்குனியில, ஒரு பூச்சு புதுப்பிக்கணும், அவ்வளவுதான் செலவு. "எண்ணெய் பூசினா மரம் மூச்சு விடும், சவுண்டு மாறும்"ங்கிறதை நான் ஏத்துக்கல. பிக்கப் கேக்குறது காந்தத்துக்கு மேல அதிருற கம்பியை. சவுண்டு மாத்தணும்னா கம்பியை மாத்துங்க, பிக்கப்பை மாத்துங்க. ஃபேக்டரி பாலியஸ்டர் பூச்சைச் சுரண்டாம அது மேலேயே எண்ணெய் பூசலாமான்னா, கூடாது, உறிஞ்சாது.

கடைசியா ஒண்ணு, இதை யாரும் கேக்குறதில்ல. எண்ணெய் காயும்போது சூடு வரும். துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போட்டா அந்தச் சூடு வெளிய போக வழியில்லாம, நெருப்பு வைக்காமலே பத்திக்கும். 1991 பிப்ரவரி 23-ல ஃபிலடெல்ஃபியாவுல 38 மாடிக் கட்டடம் ஒண்ணு பத்தி எரிஞ்சு, மூணு தீயணைப்பு வீரர்கள் செத்துப் போனாங்க. தீ தொடங்கினது 22-வது மாடியில விட்டுட்டுப் போன ஆளிவிதை எண்ணெய்த் துணியில இருந்து. நம்ம பக்கம் சுவரோட சுவரா ஒட்டின வீடுங்க. அதனால வேலை முடிஞ்ச கையோட துணியைத் தண்ணி பக்கெட்டுல முக்கிடுங்க. இல்லன்னா மொட்டை மாடிக் கொடியில ஒவ்வொண்ணா விரிச்சுப் போட்டு, விறைப்பாக் காஞ்ச பிறகு குப்பையில போடுங்க.