மின்கட்டணம்: நாளுக்கு எட்டு யூனிட் கணக்கு





ஒளுச் செய்யும் தண்ணீரில்கூட வீண்விரயம் கூடாது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். மின்சாரத்தில் அந்தக் கவனம் வருவதில்லை. தண்ணீர் ஓடினால் கண்ணுக்குத் தெரியும். மின்சாரம் ஓடுவது தெரியாது. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை ரீடிங் எடுத்த பிறகுதான் தெரியவருகிறது. அதற்குள் செலவாகி முடிந்துவிடுகிறது.

இதில் 500 யூனிட் என்பது முக்கியமான எல்லை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் 100 யூனிட் இலவசம். 500ஐத் தாண்டாத வீட்டுக்கு அடுத்த 100 யூனிட் பாதி விலை. தாண்டிவிட்டால் அந்தப் பாதி விலைச் சலுகை போய்விடும். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். கடைசி ஒரு யூனிட்டுக்கு மட்டும் 233 ரூபாய்! 2024 ஜூலையில் விலை இன்னும் ஏறியது. 60 நாளுக்கு 500 யூனிட் என்றால், நாளுக்குச் சுமார் 8 யூனிட். இந்த எட்டைத் தினமும் பார்க்க ஒரு வழி வேண்டும்.

நம் கள்ளிக்குப்பம் வீடுகளில் இருக்கும் டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு சிமிட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டரிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், விநாடிக்கு ஒரு சிமிட்டல் வரும்போது வீட்டில் சுமார் 1,125 வாட் ஓடுகிறது. பத்து விநாடிக்கு ஒன்று என்றால் சுமார் 112 வாட்.

இந்தச் சிமிட்டலை எண்ணுவதற்கு ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போதும். ஒளி உணரி ஒன்றை மீட்டர் கண்ணாடியின் வெளிப்புறம் விளக்குக்கு நேராகக் கருப்பு டேப்பால் ஒட்டி, அதன் ஒயரை இதில் இணைக்க வேண்டும். மணிக்கு மணி கணக்கு எழுதிவைக்கும். தில்லியில் ஐஐஐடி ஆய்வாளர்கள் 2013இல் ஒரு வீட்டின் மின் உபயோகத்தை 73 நாட்கள் பதிவு செய்தபோதும் ராஸ்பெர்ரி பையைப் பயன்படுத்தினார்கள். இது 3 வாட் எடுத்தாலும் இரண்டு மாதத்திற்கு நாலரை யூனிட்டுக்குள்தான் ஆகும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மீட்டரின் சீலைத் தொடக்கூடாது, அதன் ஒயரில் எதையும் இணைக்கக்கூடாது. மீட்டரில் கைவைப்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி குற்றம்; உயிருக்கும் ஆபத்து.

இந்தக் கருவி மொத்தக் கணக்கைத்தான் காட்டும். எந்தச் சாமான் எவ்வளவு இழுக்கிறது என்று அறிய, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். தொட்டி நிரம்பி வழிந்தும் ஓடிய மோட்டார், ஆளில்லாத அறையில் சுற்றிய ஃபேன் எல்லாம் கணக்கில் தெரியும்.

வீட்டுக்கு ஒன்று வாங்க வேண்டியதில்லை. மஹல்லாவுக்கு ஒன்றிரண்டு இருந்தால் மாதம் ஒரு வீடாக மாற்றிக்கொள்ளலாம். இதைப் பொருத்தத் தெரிந்த நம் பிள்ளைகள், கணவரை இழந்த சகோதரிகளின் வீடுகளிலும் முதியோர் வீடுகளிலும் முதலில் வைத்துக் கொடுக்கட்டும். அங்கே மிச்சமாகும் பணம் பெரிய தொகை.

கருவி கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்று இஷாவுக்குப் பிறகு மீட்டர் எண்ணைக் குறித்துவையுங்கள். நாளை அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். வித்தியாசம் எட்டுக்குள் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வீண்விரயத்திலிருந்து அல்லாஹ் நம்மைக் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.